மியூனிக் நகரத்து மதுக்கூடங்கள்

கள்ளுக்கடை இருக்கும் தெரு வழியே போகக் கூடாது என்று கட்டளையிட்டு வளர்க்கப்பட்டவன் நான். சுற்று வழியாகப் போனால் பள்ளிக்கூடத்துக்குக் கால் மணி நேரம் தாமதமாகும். வாத்தியாரின் பிரம்பு காத்திருக்கும். அடி பட்டாலும் பரவாயில்லை, அந்தத் தெருவில் கால் வைக்காதே என்பது பாட்டியின் சட்டம். அப்படிப்பட்ட பாட்டியின் பேரன், ஜெர்மனியில் ஒரு நகரத்தின் மதுக்கூடங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு வந்து கட்டுரையும் எழுதுகிறான் என்றால் வாசகர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் குடித்ததெல்லாம் ஆப்பிள் ரசத்தில் சோடாக் கலந்த ஒரு பானந்தான்.

என்னை அங்கே அழைத்துப் போனவன் என் மருமான். தங்கை பிள்ளை; மியூனிக்கில் எஞ்சினீயராக இருக்கிறான். "இந்த ஊர்ச் சரித்திரத்தைப் பார்க்கவேண்டும், அரண்மனை, மியூஸியம் ஏதாவது காட்டு" என்று கேட்டேன்.

"அரண்மனை எந்த ஊரிலும் இருக்கும், மாமா. இந்த ஊர்ச் சரித்திரம் நடந்ததெல்லாம் பீர்க்கடையில்தான். ராஜா போனது, ஹிட்லர் வந்தது எல்லாம் அங்கேதான். நீங்க குடிக்க வேண்டாம், சும்மா வந்து உட்காருங்க" என்றான்.

நாலு நாள் உட்கார்ந்தேன். அவன் சொன்னதில் மிகை இல்லை.

*

மியூனிக் என்பது ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்த பெயர். அந்த ஊர்க்காரர்கள் முன்ஷன் என்கிறார்கள். துறவிகள் இருக்கும் இடம் என்று பொருள். 1158ஆம் வருஷத்துப் பத்திரம் ஒன்றில் அந்தப் பெயர் முதன்முதலாக வருகிறது. நகரத்தின் சின்னத்தில் இன்றைக்கும் ஒரு துறவிதான் நிற்கிறார்.

துறவிக்கும் மதுவுக்கும் என்ன சம்பந்தம் என்று நமக்குத் தோன்றும். ஐரோப்பாவில் நிறையச் சம்பந்தம் உண்டு. மடங்களில் பீர் காய்ச்சினார்கள். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் விரதத்தில் ஆகாரத்துக்குத்தான் கட்டுப்பாடு, பானத்துக்கு இல்லை. ஆகவே விரத காலத்துக்கென்றே சற்றுக் கனமான பீரைக் காய்ச்சிக்கொண்டார்கள். ஏகாதசியன்று சோறு கூடாது, ஆனால் இலை நிறையப் பலகாரம் உண்டு என்று நாம் வைத்துக்கொண்டிருக்கிறோமே, அதே நியாயம்! அகஸ்தீனிய மடத்தின் பெயரைத் தாங்கிய பீர் ஆலை, தன் தொடக்கம் 1328 என்று போட்டுக்கொள்கிறது. பவுலானர் என்ற மற்றோர் ஆலைக்கு 1634ஆம் வருஷத்துச் சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சி என்ன தெரியுமா? மடத்துத் துறவிகள் தங்கள் வியாபாரத்தைக் கெடுக்கிறார்கள் என்று ஊர்ப் பீர் வியாபாரிகள் நகரசபைக்குக் கொடுத்த புகார் மனு!

துறவிகளை அடுத்து ராஜாக்கள் வந்தார்கள். மியூனிக் பவேரியா ராஜ்யத்தின் தலைநகரம். விட்டல்ஸ்பாக் வமிசம் 1180 முதல் அதை ஆண்டது. அந்த வமிசத்தின் நாலாம் வில்ஹெல்ம் கோமகன் 1516ஆம் வருஷம் ஏப்ரல் 23ஆம் தேதி ஒரு சட்டம் போட்டார். பீரில் பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர் இந்த மூன்றைத் தவிர வேறொன்றும் சேரக் கூடாது என்பது சட்டம். பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அப்படி ஒரு ஜீவன் இருப்பது அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. இந்தச் சட்டத்தைத்தான் இன்று உலகமெல்லாம் விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் அதன் முதல் பகுதி விலையைப் பற்றியது. குளிர்காலத்தில் ஒரு 'மாஸ்', அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர், ஒரு பென்னிக்கு மேல் விற்கக் கூடாது; கோடையில் இரண்டு பென்னி. ஜனங்களின் வயிற்றிலும் மடியிலும் கை வைத்தால் என்ன ஆகும் என்பது அந்தக் கோமகனுக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அதை மறந்தபோது என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அரண்மனையில் குடிப்பதற்கு ஐன்பெக் என்ற வடக்கத்தி ஊரிலிருந்து பீர் வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். செலவு கட்டவில்லை. 1589ல் ஐந்தாம் வில்ஹெல்ம் அரண்மனைக்கென்றே ஓர் ஆலை வைத்தார். ஹோஃப்பிராய்ஹௌஸ் என்று பெயர்; அரண்மனைப் பீர்வீடு என்று தமிழில் சொல்லலாம். அவருடைய பிள்ளை மாக்ஸிமிலியன் மகா சாமர்த்தியசாலி. கோதுமையில் பீர் காய்ச்சக் கூடாது என்பது மற்றவர்களுக்குச் சட்டம். தனக்கு இல்லை என்று வைத்துக்கொண்டார். கோதுமைப் பீர் காய்ச்சும் உரிமை முழுவதும் ராஜாங்கத்துக்கே சொந்தமாயிற்று. 1607ல் அதற்காகவே ஒரு புது ஆலை கட்டினார். முப்பது வருஷ யுத்தத்தின்போது கஜானாவைத் தாங்கிய தூண்களில் அந்தப் பீர் வருமானமும் ஒன்று. சர்க்கார் மது விற்றுக் கஜானா நிரப்புவது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்!

1828ல் முதலாம் லூத்விக் மன்னர் அந்த அரண்மனைப் பீர்வீட்டைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டார். நாங்கள் முதலில் போனது அங்கேதான். இப்போது இருக்கும் கட்டடம் 1897ல் கட்டியது. யுத்தத்தில் குண்டுவீச்சில் சிதைந்து மறுபடி எடுத்துக் கட்டியது. கல்யாண மண்டபம் போல வளைந்த கூரை. நீள நீளமான மரப் பெஞ்சுகள். ஒரு மூலையில் பித்தளை வாத்தியக் கோஷ்டி முழங்குகிறது. பரிமாறும் பெண்கள் ஒரு கைக்கு ஐந்து வீதம் பத்துக் குவளைகளை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து வருகிறார்கள். வாடிக்கைக்காரர்கள் தங்கள் சொந்தக் குவளையைப் பூட்டி வைக்க இரும்பு அலமாரி கூட இருக்கிறது.

பெஞ்சில் இடம் இருந்தால், "இங்கே காலியா?" என்று கேட்டுவிட்டு யாரும் யாருக்குப் பக்கத்திலும் உட்காரலாம். எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தவர் கையில் சுண்ணாம்புக் கறையோடு கொத்தவேலையிலிருந்து நேராக வந்தவர்; அவர் தோளை இடித்துக்கொண்டு பட்டுக் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு கனவான். இருவரும் ஒரே விதமான குவளையை ஒரே விதமாகத் தூக்கினார்கள். நம் ஊரில் தேர் வடம் பிடிக்கும்போதுதான் நான் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

*

மறுநாள் மருமான் வீட்டிலிருந்து புறப்படும்போது அவன் மனைவி ஒரு தூக்கில் புளியோதரையும் இன்னொரு தூக்கில் தயிர்சாதமும் கொடுத்தாள். "ஹோட்டலுக்குள்ளே சாப்பாடு கொண்டு போவதா?" என்று நான் கூசினேன்.

"ராஜா உத்தரவு இருக்கு, மாமா" என்றான் மருமான்.

அது வேடிக்கைப் பேச்சல்ல. அந்தக் கதை இப்படி: கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுவிடும். ஊருக்குள் அடுப்பு மூட்டினால் தீப்பிடிக்கும் பயம் வேறு. அதனால் 1553ல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே கூடாது என்று தடை வந்தது. கோடைக்கு வேண்டியதை மார்ச் மாதத்துக்குள் காய்ச்சிச் சேமிக்க வேண்டும். எங்கே சேமிப்பது? நகரத்துக்குள்ளே தோண்டினால் ஈஸார் நதியின் ஊற்று வந்துவிடும். ஆகவே ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மேட்டுச் சரிவுகளில் நிலவறைகளைக் குடைந்தார்கள். ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கொண்டுவந்து அடுக்கினார்கள். மேலே வெயில் படாமலிருக்கச் செஸ்நட் மரங்களை நட்டார்கள். அதன் இலை அகலம். வேர் ஆழமாகப் போய் நிலவறையின் கூரையைப் பிளக்காது. தரையில் கூழாங்கல் பரப்பினார்கள்.

நிழல் இருக்கிறது, கீழே குளிர்ந்த பீர் இருக்கிறது. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே போய் உட்கார ஆரம்பித்தார்கள். ஊருக்குள் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர்கள் ராஜாவிடம் முறையிட்டார்கள். மாக்ஸ் யோஸப் மன்னர் 1812 ஜனவரி 4ஆம் தேதி ஒரு சமரச உத்தரவு போட்டார். கோடை மாதங்களில் நிலவறைக்காரர்கள் தங்கள் பீரை அங்கேயே விற்கலாம். கூட ரொட்டி கொடுக்கலாம். சமைத்த சாப்பாடு எதுவும் விற்கக் கூடாது. வந்தவர்கள் பார்த்தார்கள், வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். சாப்பாடு விற்கக் கூடாது என்ற தடை பின்னால் போய்விட்டது. கட்டுச்சோறு கொண்டு போகும் பாத்தியதை மட்டும் போகவில்லை.

அப்படி, 1812ஆம் வருஷத்து அரச கட்டளையின் பாதுகாப்பில், செஸ்நட் மரத்தடியில் நான் புளியோதரை சாப்பிட்டேன். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் கட்டம் போட்ட துணியை விரித்து, முள்ளங்கியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்தது. பாட்டி, பேரன், கைக்குழந்தை எல்லோரும் இருந்தார்கள். என் தூக்கிலிருந்து வந்த பெருங்காய வாசனைக்கு அந்தப் பாட்டி மூக்கைத் திருப்பிப் பார்த்து, ஏதோ கேட்டாள். "என்ன சொல்கிறாள்?" என்றேன். "கொஞ்சம் கிடைக்குமான்னு கேக்கறாங்க" என்றான் மருமான். கொடுத்தேன். பதிலுக்கு முள்ளங்கி வந்தது.

நிலவறைகளுக்கு அவசியம் இல்லாமற் செய்தவர் லிண்டே என்ற மியூனிக் பேராசிரியர். 1873ல் ஷ்பாட்டன் பீர் ஆலையில் தம் குளிர்விக்கும் இயந்திரத்தை வைத்துச் சோதித்தார். நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பாட்டன் பீர் ஆலையில்தான் பிறந்தான் என்றால் பாட்டி நம்பவே மாட்டாள். அந்த ஆலையின் முதலாளி ஸெட்ல்மையர் துணிந்த ஆசாமி. இளமையில், 1833ல், ஒரு சிநேகிதரோடு இங்கிலாந்துக்குப் போய் அங்கே இருந்த ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். பார்த்தது மட்டுமா? உள்ளே குடைந்த கைத்தடியைத் தொட்டியில் அமுக்கித் திருட்டுத்தனமாக மாதிரியும் எடுத்துக்கொண்டு வந்தார்!

இயந்திரம் வந்த பிறகு நிலவறைக்கு மேலே பெரிய பெரிய கூடங்களைக் கட்டினார்கள். 'கெல்லர்', அதாவது நிலவறை, என்ற பெயர் அந்தக் கூடங்களுக்கு ஒட்டிக்கொண்டது. ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர் உட்காரக்கூடிய கூடங்கள். சங்கீதக் கச்சேரிக்கும் விடுவார்கள், மகாநாட்டுக்கும் விடுவார்கள். கட்சிகளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இங்கேதான் நம் கதை திரும்புகிறது.

*

கூடிக் குடிக்கிறவர்கள் கூடிப் பேசுவார்கள். கூடிப் பேசுகிறவர்கள் ஒரு நாள் கூடி எழுந்திருப்பார்கள். 1844 மே முதல் தேதி பீர் விலையை உயர்த்தினார்கள். உயர்வு அற்பந்தான். அன்று மாலையே ஜனங்கள் பீர் ஆலைகளைத் தாக்கினார்கள். ஜன்னல்கள் நொறுங்கின, மேஜை நாற்காலிகள் தெருவுக்கு வந்தன. பட்டாளத்தைக் கூப்பிட்டால், பட்டாளத்துக்காரனும் அதே பீரைக் குடிக்கிறவன். அவன் கை எழவில்லை. லூத்விக் மன்னர் விலையை இறக்கினார். இங்கிலாந்து வாசகர்களுக்கு இந்தக் கலகத்தைப் பற்றி எழுதினார் ஓர் இளைஞர். பீர் விலைக்காக சர்க்காரைப் பயமுறுத்த முடியும் என்று தெரிந்துகொண்ட ஜனங்கள், இன்னும் பெரிய காரியங்களுக்காகவும் பயமுறுத்தக் கற்றுக்கொள்வார்கள் என்பது அவர் கருத்து. அந்த இளைஞரின் பெயர் பிரெடரிக் ஏங்கல்ஸ்.

இதற்கு ஏறக்குறைய 150 வருஷத்துக்குப் பின் மியூனிக்காரர்கள் மறுபடி ஒரு 'பீர்ப் புரட்சி' செய்தார்கள். ஊர்ப்புறத்துத் தோட்டம் ஒன்றை இரவு 9:30 மணிக்கு மூடவேண்டும் என்று கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் தூங்க வேண்டுமே! 1995 மே 12ஆம் தேதி இருபதினாயிரம் பேருக்கு மேல் நகர மண்டபத்தின் எதிரே கூடிவிட்டார்கள். முடிவில் 1999ல் தனிச் சட்டம் வந்தது. பீர்த் தோட்டம் என்றால் மரநிழல் வேண்டும், வீட்டுச் சாப்பாடு கொண்டுவர உரிமை வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது; இரவு 11 மணி வரை நடத்தலாம். இந்தப் புரட்சியில் ஒருவர் தலையும் உடையவில்லை. எல்லாப் புரட்சியும் இப்படி இருந்தால் சரித்திரம் எழுதுவது எவ்வளவு சுகமான வேலை!

இரவு வாழ்க்கையின் இன்னொரு முகமும் இந்த ஊருக்கு உண்டு. அதற்குப் பல்கலைக் கழகத்துப் பக்கம் போகவேண்டும். அங்கே டூர்க்கன்ஸ்ட்ராஸே, அதாவது துருக்கியர் தெரு, என்று ஒரு தெரு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேத்தி கோபுஸ் என்ற அம்மாள் இங்கே ஒரு மதுச்சாலை நடத்தினாள். 'ஸிம்பிளிஸிஸிமஸ்' என்ற கேலிப் பத்திரிகையின் பெயரையே அதற்கு வைத்தாள். ஓவியர்களும் கவிஞர்களும் அங்கே விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். அதே தெருவில் 'பதினொரு தலைவெட்டிகள்' என்ற பெயரில் ஒரு கோஷ்டி, சக்கரவர்த்தியைப் பரிகசித்துப் பாட்டுப் பாடி நாடகம் போட்டது. பக்கத்துப் பேட்டையான ஷ்வாபிங்கில் 1900க்கும் 1902க்கும் இடையே லெனின் கள்ளப் பெயரில் குடியிருந்து பத்திரிகை நடத்தினார். அந்தத் தெருவை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி அங்கேதான் வரப்போகிறோம்.

*

முதல் மகாயுத்தத்தில் ஜெர்மனி தோற்கும் தறுவாயில், 1918 நவம்பர் 7ஆம் தேதி, பசித்த ஜனங்களும் அலுத்த சிப்பாய்களும் ஒரு மைதானத்தில் கூடினார்கள். கர்ட் ஐஸ்னர் என்ற பத்திரிகை எழுத்தாளர் அவர்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். அன்றிரவு அவர்கள் சபை கூடிய இடம் மத்தேஸர் பீர்க்கூடம். விடிவதற்குள் பவேரியா குடியரசாகிவிட்டது. 738 வருஷம் ஆண்ட வமிசத்தின் கடைசி அரசர் இரவோடு இரவாக ஊரை விட்டுப் போனார். அந்தக் கூடம் இருந்த இடத்தில் இன்று சினிமாக் கொட்டகை இருக்கிறது.

ஐஸ்னரை 1919 பிப்ரவரியில் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். ஏப்ரலில் ஹோஃப்பிராய்ஹௌஸில் கூடிய சபை ஒன்று கம்யூனிஸ்ட் ஆட்சியைப் பிரகடனம் செய்தது. மே மாதத் தொடக்கத்தில் பட்டாளம் வந்து அதை ரத்தத்தில் மூழ்கடித்தது. அந்த வருஷம் செப்டம்பர் 12ஆம் தேதி, ஷ்டெர்னெக்கர் என்ற சிறு பீர்க்கடையின் உள்ளறையில் ஒரு புதுக் கட்சியின் கூட்டம் நடந்தது. சில டஜன் பேர்தான். என்ன பேசுகிறார்கள் என்று வேவு பார்த்துவர ராணுவம் ஒரு சிப்பாயை அனுப்பியது. வேவு பார்க்க வந்த சிப்பாய் தானே பேச ஆரம்பித்தான். சீக்கிரமே அந்தக் கட்சியிலும் சேர்ந்தான். அவன்தான் அடால்ப் ஹிட்லர்.

ஐந்து மாதங்கழித்து, 1920 பிப்ரவரி 24ஆம் தேதி, ஹோஃப்பிராய்ஹௌஸின் மாடிக் கூடத்தில் ஏறக்குறைய 2000 பேருக்கு முன் அவன் கட்சியின் 25 அம்சத் திட்டத்தை வாசித்தான். யூதர்கள் ஜெர்மன் பிரஜைகளாக இருக்கமுடியாது என்பது அந்த அம்சங்களில் ஒன்று. அந்தக் கூடத்தையும் நான் பார்த்தேன். அழகான கூடம். நான் போனபோது யாரோ ஒரு கம்பெனியாரின் விருந்துக்காக மேஜைத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே கொத்தனாரும் கனவானும் தோளோடு தோள் உட்கார்ந்த அதே பெஞ்சுகள்தான் மேலேயும் இருந்திருக்கும். எல்லோரையும் சமமாக உட்காரவைத்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டுதான், அண்டை வீட்டுக்காரன் நமக்குச் சமமில்லை என்ற பேச்சுக்குக் கை தட்டினார்கள்.

1923 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி அக்கரை மேட்டில் இருந்த பூர்கர்பிராய்கெல்லர் என்ற கூடத்தில் 3000 பேர் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ராஜ்யத்தில் சர்வாதிகாரம் பெற்றிருந்த கார் என்பவர் பேசிக்கொண்டிருந்தார். பணத்துக்கு மதிப்பே இல்லாத காலம் அது. அன்று வாங்கிய பீர் ஒரு குவளை நூறு கோடி மார்க் என்று ஹிட்லரின் கூட்டாளி ஹான்ப்ஷ்டெங்ல் பின்னாளில் எழுதியிருக்கிறார். எட்டரை மணி சுமாருக்கு ஹிட்லர் ஆயுதந்தரித்தவர்களோடு உள்ளே நுழைந்து கூரையை நோக்கிச் சுட்டான். புரட்சி தொடங்கிவிட்டது என்று கூவினான். மறுநாள் நகரத்தின் நடுவே போலீஸார் சுட்டதும் புரட்சி சிதறிவிட்டது. கலகக்காரர் தரப்பில் 16 பேர், போலீஸார் 4 பேர் இறந்தார்கள். கூடத்துக்காரர், உடைந்த குவளைகள், முக்காலிகள், ஒரு நிலைக்கண்ணாடி, காணாமற்போன கரண்டிகள் எல்லாவற்றுக்கும் கணக்கெழுதிக் கட்சிக்குப் பில் அனுப்பினாராம்.

அந்த 16 பேரில் ஒருவர் கலகக்காரரே அல்ல. பக்கத்து ஹோட்டலில் தலைமைப் பரிமாறுபவர். சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்க வந்து குண்டுக்கு இரையானவர். ஹிட்லர் தன் புத்தகத்தின் முகப்பில் தியாகிகளின் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டான். செத்த பிறகு மறுத்துச் சொல்ல முடியுமா?

ராஜத்துரோகத்துக்கு ஐந்து வருஷத் தண்டனை விதித்தார்கள். ஒரு வருஷம் ஆவதற்குள் விட்டுவிட்டார்கள். அவன் 1925ல் கட்சியைப் புதுப்பித்ததும் அதே கூடத்தில்தான். 1933ல் அதிகாரம் கைக்கு வந்தபின், வருஷந்தோறும் நவம்பர் 8ஆம் தேதி அங்கே வந்து பழைய தோழர்கள் நடுவே பிரசங்கம் செய்வது ஒரு திருவிழா ஆயிற்று. திருவிழா என்றால் நாளும் இடமும் முன்கூட்டித் தெரிந்துவிடும். அதைக் கவனித்தவர் ஒரே ஒரு மனிதர்.

*

ஜார்ஜ் எல்ஸர் ஒரு தச்சர். 1903ல் பிறந்தவர். பெரிய படிப்பு இல்லை, அதிகம் பேசாதவர். வேலையில் நுணுக்கம். தொழிலாளியின் கூலி குறைந்ததையும் யுத்தம் வரப்போவதையும் கண்ணால் பார்த்து, இதை நிறுத்த வேண்டுமானால் தலைமையை நீக்க வேண்டும் என்று தமக்குத் தாமே முடிவு கட்டிக்கொண்டார். 1938 நவம்பரில் மியூனிக்குக்கு வந்து கூடத்தைப் பார்த்தார். மேடைக்குப் பின்னால் கூரையைத் தாங்கும் தூண் ஒன்று இருந்தது. ஊருக்குத் திரும்பி, கல்லுடைக்கும் குவாரியில் வேலைக்குச் சேர்ந்து வெடிமருந்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். 1939 ஆகஸ்டில் மியூனிக்குக்கு வந்து குடியேறினார். எந்தத் தெருவில் அறை எடுத்தார் தெரியுமா? முன்னே சொன்ன துருக்கியர் தெருவில்.

இரவுதோறும் பூர்கர்பிராய்கெல்லருக்குப் போய் மலிவான சாப்பாடு ஒன்று சாப்பிடுவார். கடை கட்டும் சமயம் மாடியில் தட்டுமுட்டுச் சாமான் அறையில் ஒளிந்துகொள்வார். எல்லோரும் போனபின் தூணண்டை மண்டியிட்டு வேலை செய்வார். டார்ச் விளக்கின் மேல் நீலக் கைக்குட்டை. தூணைச் சுற்றியிருந்த பலகையில் கண்ணுக்குத் தெரியாத கதவு ஒன்று செய்தார். உள்ளே செங்கல்லைப் பெயர்க்கச் சத்தம் வருமே! கழிப்பறையில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகத் தண்ணீர் பாயும். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்து, அந்த ஒரு கணத்தில் ஓர் அடி அடிப்பார். இடிசலைப் பையில் கட்டி வெளியே கொண்டுபோவார். இப்படி முப்பது முப்பத்தைந்து இரவுகள். ஒருநாள் காலையில் அகப்பட்டுக்கொண்டார். தொடையில் கட்டி, அதைப் பிதுக்க ஒதுக்குப்புறம் தேடினேன் என்று சமாளித்துவிட்டு, தோட்டத்தில் போய் உட்கார்ந்து ஒரு காப்பி சாப்பிட்டாராம். கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். என் கதையில் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் நம்பமாட்டார்.

அவர் தூணைக் குடைந்துகொண்டிருந்தபோதே, செப்டம்பர் முதல் தேதி, யுத்தம் ஆரம்பித்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. நவம்பர் 8ஆம் தேதி இரவு 9:20க்கு வெடிக்கும்படி கடிகாரத்தை முடுக்கிவிட்டு எல்லையை நோக்கிப் புறப்பட்டார்.

அன்று மூடுபனி. விமானத்தில் பெர்லின் திரும்ப முடியாதென்பதால் ரயிலைப் பிடிக்க வேண்டி ஹிட்லர் பேச்சைச் சுருக்கிக்கொண்டான். 9:07க்குக் கூடத்தை விட்டுப் போனான். 9:20க்குத் தூண் வெடித்துக் கூரை இடிந்து மேடைமேல் விழுந்தது. பதின்மூன்று நிமிஷம்! அந்தப் பதின்மூன்று நிமிஷத்தின் விலையைக் கணக்கிட எண்ணினால் எண்ணிக்கை தலை சுற்றும்.

எட்டுப் பேர் இறந்தார்கள். ஏழு பேர் கட்சிக்காரர்கள். எட்டாவது, பரிமாறும் வேலைக்கு வந்திருந்த ஒரு பெண்.

நான் இங்கே நின்றுவிட்டேன். எல்ஸரைப் போற்ற வேண்டும் என்றுதான் மனம் சொல்லுகிறது. ஆனால் ஹோஃப்பிராய்ஹௌஸில் பத்துக் குவளைகளை அணைத்துக்கொண்டு வந்தாளே, அவள் முகம் குறுக்கே வருகிறது. 1923ல் ஒரு பரிமாறுபவர். 1939ல் ஒரு பரிமாறும் பெண். பேசினவன் தப்பித்துப் போய்விட்டான். குவளை எடுத்து வைத்தவர்கள் செத்தார்கள். துவேஷத்தை அது சின்னதாக இருந்த நாளில், பீர்க்கடையின் உள்ளறையில் சில டஜன் பேர் இருந்த நாளில், கேட்டவர்கள் எழுந்து போயிருந்தால் போதும். அன்று அதற்கு விலை அரைக் குவளைப் பீர். இருபது வருஷம் கழித்து அதை நிறுத்த முயன்றவர் தூணைக் குடையவேண்டியிருந்தது. நிரபராதியின் உயிரையும் பறிக்கவேண்டியிருந்தது. அப்படியும் நிறுத்த முடியவில்லை.

குண்டு வெடிப்பதற்கு அரை மணிக்கு முன்பே ஸ்விஸ் எல்லையில் எல்ஸர் அகப்பட்டுவிட்டார். ஐந்தரை வருஷம் சிறைமுகாம்களில் வைத்திருந்து, 1945 ஏப்ரல் 9ஆம் தேதி, மியூனிக்குக்குப் பக்கத்தில் இருக்கும் டாஹௌ முகாமில் சுட்டுக் கொன்றார்கள். மூன்றே வாரத்தில் அமெரிக்கப் பட்டாளம் மியூனிக்குக்குள் வந்துவிட்டது. அதன் பிறகும் வெகு காலம் அவருக்கு மரியாதை கிடைக்கவில்லை. யாரோ ஏவிவிட்ட ஆள் என்றார்கள். அவரை விசாரித்த பதிவேடு 1970ல் அச்சான பிறகுதான், அத்தனையும் ஒரு தனி மனிதர் செய்தது என்று ஊர் ஒப்புக்கொண்டது.

பூர்கர்பிராய்கெல்லரை 1979ல் இடித்துவிட்டார்கள். தூண் இருந்த இடத்தருகே நடைபாதையில் ஒரு சிறு தகடு பதித்திருக்கிறது. அதை மிதித்துக்கொண்டு ஜனங்கள் ஆபீசுக்குப் போகிறார்கள்.

*

கடைசி இரவு மருமான் என்னைத் துருக்கியர் தெருவுக்கு அழைத்துப் போனான். பல்கலைக் கழகத்து மாணவர்கள் தெருவோர மேஜைகளில் குவளையும் கையுமாக உட்கார்ந்து கூச்சலும் சிரிப்புமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கேத்தி கோபுஸ் அம்மாளின் கடை இன்னும் அங்கே நடக்கிறது. தெருவை ஒட்டி ஒரு சின்னச் சதுக்கம். 1997 முதல் அதற்கு எல்ஸரின் பெயர். எதிரே பள்ளிக்கூடக் கட்டடத்தின் சுவர் இருட்டாக இருந்தது.

"மணி பாருங்க, மாமா" என்றான்.

9:20. சுவரில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. '8 நவம்பர் 1939' என்ற எழுத்துக்கள் தெரிந்தன. 2009 முதல் தினமும் இதே நேரத்தில் சரியாக ஒரு நிமிஷம் எரிகிறதாம். பக்கத்து மேஜையில் இருந்த ஒரு பெண் பேச்சை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். மற்றவர்கள் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் ஆனதும் விளக்கு அணைந்தது. அவள் மறுபடி பேச்சில் கலந்துகொண்டாள்.

பாட்டி அந்தத் தெருவில் கால் வைக்காதே என்றாளே, அது ஞாபகம் வந்தது. அவள் பயந்தது குவளையில் இருப்பதற்கு. இந்த ஊரைக் கெடுத்தது குவளையில் இருந்ததல்ல, பாட்டி, காதில் விழுந்தது. அதற்குக் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போனால் போதாது.

பரிமாறும் பெண் வந்து, "இன்னும் ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டாள். ஆப்பிள் ரசம் இன்னொன்று சொன்னேன். அவள் கொண்டுவந்து வைத்தபோது எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன். ஏன் எழுந்தேன் என்று அவளுக்குப் புரியவில்லை, சிரித்துவிட்டுப் போனாள்.